பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் சிறுதொழில்களும் பொறுப்புடைமையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

சிறுதொழில் செய்வோரிடம் சமூகப் பொறுப்பையும் சுற்றுச்சூழல் பொறுப்பையும் எந்த அளவிற்கு எதிர்பார்க்கலாம் என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. பெருநிறுவனத்திற்கு நிதி உண்டு, வல்லுநர் உண்டு, தன் நற்பெயரைக் காத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் உண்டு. பத்துப் பதினைந்து தொழிலாளர்களுடன் இயங்கும் சிறிய தொழிற்கூடத்திற்கு இவை பெரும்பாலும் வாய்ப்பதில்லை. ஆயினும், அத்தகைய கூடங்கள் நூற்றுக்கணக்கில் ஓர் ஆற்றங்கரையில் ஒன்றுசேரும்போது அவற்றால் விளையும் தீங்கு எந்தப் பெருநிறுவனத்தின் தீங்கிற்கும் குறைந்ததன்று. தனித்தனியே நோக்கினால் சிறியவை; சேர்த்து நோக்கினால் பெரியவை. இம்முரண்பாடே இச்சிக்கலின் மையமாகும்.

இதனை ஆராய்வதற்குத் தமிழ்நாட்டின் பாலாற்றுப் பகுதி தக்க சான்றாக விளங்குகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் வேரூன்றிய தோல் பதனிடும் தொழில், கடந்த அரை நூற்றாண்டில் அரசின் கொள்கை, அயல்நாட்டுச் சந்தை, நீதிமன்றம் ஆகிய மூன்று ஆற்றல்களாலும் மாற்றத்திற்கு உள்ளாயிற்று. இம்மூன்றும் சிறுதொழில்களை எவ்வாறு பொறுப்புடைமை நோக்கி நகர்த்தின, எங்கே தவறின என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆவாரம்பட்டைக் காலம்

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே காட்சியளிக்கும் ஆறு. ஆனால், அம்மணலுக்கு அடியில் ஓடும் நீரே கரையோரக் கிணறுகளையும் ஊற்றுக் கால்வாய்களையும் தென்னந்தோப்புகளையும் நெல்வயல்களையும் வாழ்வித்து வந்தது. தோல் பதனிடுவோரும் அந்நீரை நாடியே இக்கரையில் குடியேறினர். சுண்ணாம்பு ஊறல், மயிர் நீக்கல், கழுவுதல், பட்டைச்சாற்றில் ஊறவைத்தல் ஆகிய ஒவ்வொரு நிலைக்கும் நீர் இன்றியமையாதது.

பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பதனிடும் பொருள்களாகப் பயன்பட்டன. இவ்வாறு பாதி பதனிடப்பட்ட தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்னும் வணிகப் பெயருடன் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயிற்று. முதல் உலகப் போர்க்காலத்தில் படைவீரர் காலணிகளின் மேற்பகுதிக்கு இத்தோல் பெருமளவில் தேவைப்பட்டதால் இத்தொழில் மேலும் விரிவடைந்தது. வணிகமும் கூடங்களின் உரிமையும் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களிடம் இருந்தன. ஊறல் தொட்டிக்குள் இறங்கி உழைத்தோரில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சமூகத்தினர். 'தீட்டு' என்று பிறர் ஒதுக்கிய தொழிலே அவர்களுக்குப் பிழைப்பாயிற்று. இச்சமூகப் பின்னணியை மறந்து பொறுப்புடைமையைப் பேசுதல் முழுமையாகாது.

பட்டைமுறை தீங்கற்றது என்று கருதுவதும் பொருந்தாது. ஆவாரஞ்செடியிலிருந்து பட்டை உரிக்கப்பட்டுப் பற்றாக்குறை ஏற்பட்டபோது தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை இறக்குமதி செய்யப்பட்டது. பச்சைத்தோல் அழுகாமல் இருக்கத் தூவப்பட்ட உப்பு அன்றும் மண்ணில் கலந்தது. எனினும், அன்று உற்பத்தியின் அளவு சிறியது. தோல் பதப்படப் பல வாரங்கள் தேவைப்பட்டன. அக்காலத் தாமதமே ஆற்றுக்கு ஒருவகைக் காப்பாக அமைந்தது எனலாம்.

1973ஆம் ஆண்டுக் கொள்கை மாற்றம்

குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை சென்னை மாநிலத்திற்குப் புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்பிரட் சாட்டர்ட்டன் இதனை இங்கு அறிமுகப்படுத்த முயன்றார். சென்னையை அடுத்த குரோம்பேட்டை தன் பெயரையே அவ்வகைத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து பெற்றது. ஆயினும், சிறிய கூடங்கள் பட்டைமுறையையே நெடுநாள் பின்பற்றின. 1948ஆம் ஆண்டு சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பின்னர் அதன் இயக்குநராக விளங்கிய எலவர்த்தி நாயுடம்மா, ஆய்வகத்தின் கண்டுபிடிப்புகள் சிறிய பதனிடுவோரையும் சென்றடைய வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

பெரும் மாற்றம் 1970களில் நிகழ்ந்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 1973இல் இந்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடைசெய்தது. பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. முழுதும் பதனிட்ட தோலையும் காலணி முதலிய பொருள்களையும் ஏற்றுமதி செய்தால் நாட்டிற்கு மிகுதியான அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் கிடைக்கும் என்பது அதன் அடிப்படை. பொருளியல் நோக்கில் இக்கொள்கை வெற்றி பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணி ஆலைகள் பெருகின. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அவை மாதச் சம்பளம் பெறும் வாய்ப்பை அளித்தன.

ஆனால், இவ்வெற்றியின் மறுபக்கம் ஆற்றில் வெளிப்பட்டது. குரோமிய முறையில் பல வாரப் பணி ஓரிரு நாளில் முடிந்தது. உற்பத்தி பன்மடங்காயிற்று. தொட்டியில் இடப்படும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கையே தோல் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியது கழிவுநீருடன் வெளியேறும். ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், இம்முறையில் 170 வகையான வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன என்றும் பின்னாளில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிட்டது. ஏற்றுமதியை வகுத்த கொள்கை, கழிவுநீர் எங்கே செல்லும் என்பதை வகுக்கவில்லை. புதிய முறைக்கு மாறுமாறு சிறிய கூடங்களைத் தூண்டிய அரசு, அம்மாற்றத்தின் சுமையைத் தாங்கும் வழியை உடன் காட்டவில்லை என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது.

சட்டமும் சிறுதொழிலின் இயலாமையும்

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் நிறைவேறியது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. குறிப்பிட்ட நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவிற்குள் பெருமாசு விளைக்கும் தொழில்களைத் தொடங்கக் கூடாது என 1989இல் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. ஆகவே, சட்டத்திற்குப் பஞ்சமில்லை. ஆனால், அச்சட்டங்கள் ஒவ்வொரு கூடமும் தன் கழிவுநீரைத் தானே சுத்திகரிக்கும் என்று எதிர்பார்த்தன.

நடைமுறையில் இது இயலாததாயிற்று. பல கூடங்கள் ஊரின் நடுவே, வீடுகளை ஒட்டி நெருக்கமாக அமைந்திருந்தன. சுத்திகரிப்புத் தொட்டிக்கு இடமே இல்லை. பலர் சொந்த முதல் இன்றிப் பிறருடைய தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுத்தவர்கள். தோல் மண்டியில் கடனுக்கு வாங்கி, ஏற்றுமதியாளரிடம் கடனுக்கு விற்று, இடையில் கிடைக்கும் சிறு இலாபத்தில் வாழ்ந்தோரும் இருந்தனர். விலையை முடிவு செய்வோர் வேறு. கழிவிற்குப் பொறுப்பேற்போர் வேறு என்ற நிலை இருந்தது. வேதியியல் தெரிந்த பணியாளரை அமர்த்தும் வசதி இவர்களுக்கு இல்லை.

இவ்வியலாமை உண்மையானது. எனினும், அது ஒரு கேடயமாகவும் பயன்பட்டது என்பதை மறுத்தற்கில்லை. சிறுதொழில் என்னும் பெயரைக் கூறிக் காலநீட்டிப்புக் கேட்கும் வழக்கம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. அந்த ஆண்டுகளில் கிணற்று நீர் உவர்ந்துகொண்டே சென்றது. கூடத்தின் உரிமையாளர் சிறியவர் என்றால், அக்கூடத்திற்குக் கீழ்ப்புறம் ஓரிரு ஏக்கர் வைத்திருந்த உழவர் அவரினும் சிறியவர். சிறியோர்க்குக் காட்டிய இரக்கத்தின் விலையை அவரினும் சிறியோர் செலுத்தினர்.

செருமானியச் சந்தை கற்பித்த பாடம்

இதே காலத்தில் வேறொரு திசையிலிருந்து அழுத்தம் வந்தது. தோல் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால் என்னும் வேதிப்பொருளைச் செருமனி 1989இல் தடைசெய்தது. இந்தியத் தோற்பொருள்களுக்குச் செருமனி முதன்மையான சந்தைகளுள் ஒன்றாக இருந்தமையால் ஏற்றுமதியாளர்கள் திகைப்புற்றனர். 1994இல் சிலவகை அசோ சாயங்களுக்கும் அந்நாடு தடைவிதித்தது.

இவ்விரு தடைகளையும் தமிழ்நாட்டுத் தோல் தொழில் சில ஆண்டுகளுக்குள் எதிர்கொண்டு மீண்டது. சட்டங்கள் நெடுங்காலம் செய்ய இயலாததை ஒரு கொள்முதல் விதி செய்து முடித்ததற்குக் காரணங்கள் உள. முதலாவதாக, விதி தெளிவாக இருந்தது. தோலில் அப்பொருள் இருந்தால் சரக்கு திரும்பிவிடும். இரண்டாவதாக, சோதனை வசதியும் மாற்றுப் பொருள்களைப் பற்றிய அறிவுரையும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தன. மூன்றாவதாக, மாற்றத்திற்குப் பெரிய கட்டுமானம் தேவைப்படவில்லை. ஒரு வேதிப்பொருளுக்குப் பதில் மற்றொன்றை வாங்கினால் போதும். தெளிவான விதி, எட்டும் தொலைவில் தொழில்நுட்ப உதவி, தாங்கத்தக்க செலவு ஆகிய மூன்றும் கூடினால் சிறுதொழில் விரைந்து மாறும் என்பதற்கு இது நல்ல சான்றாகும்.

ஆயின், இப்பாடத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. செருமானிய வாங்குநர் சோதித்தது தோலை; ஆற்றையன்று. தோலில் தங்கிய நஞ்சு அவரது நாட்டைச் சென்றடையும். நீரில் கலந்த நஞ்சு வாணியம்பாடியிலேயே தங்கிவிடும். ஆகவே, சந்தையின் கண்ணுக்குப் புலப்பட்ட குறை விரைவில் நீங்கிற்று. புலப்படாத குறை நீடித்தது. 2005இல் அயல்நாட்டு வணிக நிறுவனங்களும் தோல் உற்பத்தியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய தோல் பணிக்குழு, பதனிடும் கூடங்களின் நீர்ப் பயன்பாட்டையும் கழிவு மேலாண்மையையும் தணிக்கை செய்யத் தொடங்கியது. இது இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும் முயற்சி எனலாம். எனினும், தணிக்கைக்கு ஆகும் செலவையும் ஆவணப் பணியையும் பெரிய கூடங்களே எளிதில் தாங்க இயலும்.

1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு

1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கொன்றைத் தொடுத்தது. வேலூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் முதற்கட்ட அளவாய்வின்படி, தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்பது நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்டது. திண்டுக்கல் பகுதியில் 13 ஊர்களிலுள்ள 467 கிணறுகளில் 350 கிணறுகள் மாசுற்றிருந்தன என்பதும் எடுத்துரைக்கப்பட்டது.

1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கியது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு அறிவித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் இன்றளவும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இதுவாகும். வடஆர்க்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். ஆகிய ஐந்து மாவட்டங்களிலுள்ள ஒவ்வொரு தோல் பதனிடும் கூடமும் 10,000 ரூபாய் தண்டம் செலுத்த வேண்டும். 1996 நவம்பர் 30ஆம் நாளுக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ தனி நிலையமோ அமைக்க வேண்டும். பாதிக்கப்பட்டோர்க்குரிய இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கப்பட வேண்டும் என்பன அதன் முக்கிய ஆணைகள்.

தோல் தொழில் பெருமளவில் அந்நியச் செலாவணி ஈட்டித் தருவதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நாட்டின் தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 விழுக்காடு அன்று தமிழ்நாட்டினுடையது என்றும் குறித்தது. ஆயினும், சூழலை அழித்து இயங்கும் உரிமை அத்தொழிலுக்கு இல்லை எனத் தெளிவுபடுத்தியது. வழக்கு நடைபெற்ற காலத்தில் பல கூடங்கள் மூடப்பட்டன. அக்காலத்தில் நாட்கூலி இழந்தவர்கள் ஊறல் தொட்டியில் நின்ற தொழிலாளர்களே. தண்டத்தொகையும் பெரிய கூடத்திற்கும் சிறிய கூடத்திற்கும் ஒரே அளவாக விதிக்கப்பட்டது. கண்டிப்பு தேவைப்பட்டது உண்மை. ஆனால், அக்கண்டிப்பின் பளு எல்லார்மீதும் ஒரே வகையில் இறங்கவில்லை.

பொதுச் சுத்திகரிப்பு நிலையம்: கூட்டுப்பொறுப்பின் வடிவம்

இச்சிக்கலுக்குக் கிடைத்த நடைமுறைத் தீர்வு பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமாகும். சிறுதொழில் தொகுதிகளுக்கு இத்தகைய நிலையங்கள் அமைக்க உதவும் திட்டத்தை மத்திய அரசு 1991இல் கொண்டுவந்தது. செலவில் 25 விழுக்காட்டை மத்திய அரசும் 25 விழுக்காட்டை மாநில அரசும் மானியமாக அளிக்க, 30 விழுக்காடு கடனாகவும் 20 விழுக்காடு உறுப்பினர் பங்காகவும் திரட்டப்பட வேண்டும் என்பது அதன் அமைப்பு. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை முதலிய இடங்களில் பதனிடுவோரே பங்குதாரர்களாகி நிறுவனங்களை உருவாக்கினர்.

இவ்வமைப்பில் ஒவ்வொரு கூடமும் திடப்பொருள்களை வடிகட்டி, கழிவுநீரைக் குழாய்வழி நிலையத்திற்கு அனுப்பும். குரோமியம் கலந்த நீரை மட்டும் தனியே பிரித்து வைத்தல் வேண்டும். அதனுடன் மக்னீசியம் ஆக்சைடு போன்ற காரப்பொருளைச் சேர்த்தால் குரோமியம் கசடாகப் படியும். அக்கசடைக் கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பதனிடப் பயன்படுத்தலாம். வீணாகிய பொருள் மீண்டும் கைக்கு வருவதால் இது உரிமையாளருக்கும் ஆதாயம் தருவது. ஐக்கிய நாடுகள் தொழில் வளர்ச்சி அமைப்பு 1990களில் சென்னையை மையமாகக் கொண்டு நடத்திய திட்டம் இத்தகைய எளிய முறைகளைப் பரப்பியது. அவற்றுள் ஒன்று, பச்சைத்தோலை நனைப்பதற்கு முன் அதன்மேலுள்ள உப்பை உதறி எடுத்தல். இதற்குப் பெரிய பொறி தேவையில்லை. ஒரு மரச்சட்டமும் இருவரின் உழைப்பும் போதும். தோலை உப்பிட்டுக் காக்கும்போது அதன் எடையில் பாதியளவிற்கு உப்பு இடப்படுவதை நோக்கின் இவ்வெளிய செயலின் பயன் விளங்கும்.

பொதுநிலையம் தொழில்நுட்ப அமைப்பு மட்டுமன்று. அது ஒரு சமூக அமைப்பும் ஆகும். ஒருவர் குரோமிய நீரைப் பிரிக்காமல் அனுப்பினால் அனைவரின் கசடும் நஞ்சாகும். ஒருவர் கட்டணம் செலுத்தத் தவறினால் அனைவரின் உரிமமும் தடுமாறும். எனவே, அரசு அதிகாரி செய்ய வேண்டிய கண்காணிப்பின் ஒரு பகுதியைப் பக்கத்துக் கூடத்துக்காரரே மேற்கொள்ளும் நிலை உருவாயிற்று. சந்தையில் போட்டியாளர்களாக இருந்தவர்கள் கழிவுநீர் விவகாரத்தில் பங்காளிகளாயினர். சிறுதொழில்களின் பொறுப்புடைமை வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும்.

தீராத கணக்குகள்

ஆயினும், மூன்று கணக்குகள் தீராமல் நின்றன. முதலாவது உப்பு. உயிரியல் சுத்திகரிப்பு கரிமக் கழிவைச் சிதைக்கும். கரைந்த உப்பை அது நீக்காது. சுத்திகரிக்கப்பட்ட நீரும் உவர்நீராகவே வெளியேறியது. எனவே, 2000களின் பிற்பகுதி முதல் கழிவுநீரே வெளியேறாத நிலையை எய்துமாறு நிலையங்கள் பணிக்கப்பட்டன. எதிர்ச்சவ்வூடு பரவல் கருவிகளும் ஆவியாக்கிகளும் நிறுவப்பட்டன. நீரின் பெரும்பகுதி மீட்கப்பட்டாலும் மின்செலவு உயர்ந்தது. எஞ்சிய கலப்பு உப்பை வாங்குவாரில்லை. அது மூட்டைகளாகக் குவிந்தது. மாசு மறையவில்லை, நீரிலிருந்து நிலத்திற்கு இடம்பெயர்ந்தது.

இரண்டாவது, தொழிலாளர் நலம். 2015 ஜனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டை சிப்காட் பகுதியிலுள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து விழுந்ததில், அருகே உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஆற்றைக் காக்க எழுப்பப்பட்ட அமைப்பு மனிதரைக் காக்கத் தவறியது. சுற்றுச்சூழல் பொறுப்பையும் சமூகப் பொறுப்பையும் தனித்தனிக் கணக்கேடுகளாகப் பிரித்து வைக்கவியலாது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

மூன்றாவது, உழவர்க்குரிய இழப்பீடு. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001இல் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டோராகக் கண்டறிந்து ஏறத்தாழ 27 கோடி ரூபாய் இழப்பீடு அறிவித்தது. சராசரியாகக் கணக்கிட்டால் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாயையும் எட்டாத தொகை அது. அதனை வழங்குவதும் மேல்முறையீடுகளால் இழுபட்டது. 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கை மீண்டும் ஆராய்ந்து, நிலுவை இழப்பீட்டை அரசு வழங்கிவிட்டு மாசுபடுத்தியோரிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும், பணிகளைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. வழக்குத் தொடங்கிய 1991இல் கிணறு இழந்த உழவரின் பேரன் இன்று வளர்ந்து ஆளாகியிருப்பான். நீதி தாமதமானால் அதன் வட்டியையும் பாதிக்கப்பட்டவரே சுமக்கிறார்.

முடிவுரை

பாலாற்றுப் பகுதியின் அரை நூற்றாண்டு வரலாற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். நீதிமன்றத்தின் கண்டிப்பு இல்லாதிருந்தால் பதனிடுவோர் பொதுநிலையத்தில் ஒன்றுசேர்ந்திருப்பது அரிது. அதே நேரத்தில் மானியமும் ஆய்வு நிலையத்தின் துணையும் இல்லாதிருந்தால் அக்கண்டிப்பு கூடங்களை மூடுவதோடு முடிந்திருக்கும். கட்டாயமும் உதவியும் ஒன்றற்கொன்று மாற்றல்ல. இரண்டும் ஒருசேரத் தேவை. சந்தை அழுத்தம் விரைவானது. ஆனால், வாங்குபவர் கண்ணுக்கு எட்டிய அளவே அதன் எல்லை. கூட்டமைப்பு சிறுதொழிலின் இயலாமையைக் குறைக்கும். எனினும், தோலின் விலையை முடிவு செய்யும் ஏற்றுமதியாளரும் அயல்நாட்டு வாங்குநரும் சுத்திகரிப்புச் செலவில் பங்கேற்காதவரை அச்சுமை சங்கிலியின் மெலிந்த கண்ணியிலேயே தங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சிறுதொழிலுக்கு உதவுவது என்பது உரிமையாளருக்கு மட்டும் உதவுவதன்று. கூடத்திற்குள் தொட்டியில் நிற்பவரும், கூடத்திற்கு வெளியே கிணற்றை நம்பி வாழ்பவரும் அத்தொழிலின் பகுதியினரே. 1973இல் ஏற்றுமதிக் கொள்கை வகுத்தபோது இவ்விருவரும் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அதன் விளைவுகளைச் சீர்செய்யும் பணி இன்னும் முடிவடையவில்லை. இனிப் புதிதாக ஒரு தொழிலை ஊக்குவிக்க எண்ணும் அரசு, மானியத் திட்டத்தின் முதற்பக்கத்திலேயே இவ்விருவரையும் இடம்பெறச் செய்யுமாயின், நீதிமன்றத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீளும் வழக்குகள் தோன்றாமல் தடுக்கலாம்.